நடையைப் படித்தவர்கள்

தூரத்தில் ஒருத்தர் வருகிறார். முகம் தெரியவில்லை. ஆனாலும் "அதோ நம்ம பெரியப்பா வர்றாரு" என்று சொல்லிவிடுகிறோம். எப்படி? நடையை வைத்துத்தான். ஒரு தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஒரு கால் லேசாக இழுக்கும், கை ஒரு பக்கம் மட்டும் வீசும். இதையே ஒரு டாக்டர் உட்கார்ந்து பார்த்து, எந்தத் தசை வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று எழுதினால் அதற்குப் பெயர் பரிசோதனை. இந்தப் பரிசோதனைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் பெரிய பங்கு நம்ம பக்கத்து மலையில் பிறந்த ஒருவருக்கு இருக்கிறது என்பதுதான் என்னை இதை எழுத வைத்தது.

"பி.காம். படிக்கிறவங்களுக்கு எதுக்கு இந்த வேலை, ஒழுங்கா காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கலாமே" என்று கிளாஸில் ஏற்கனவே ஒரு குரல் கேட்டாயிற்று. பதில் கீழே இருக்கிறது. நம்ம பாடமும் உள்ளே வருகிறது, பயப்படாதீர்கள்.

முதலில் வெளிநாட்டுக் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1836-ல் ஜெர்மனியில் வெபர் சகோதரர்கள் மனித நடையைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார்கள். அமெரிக்காவில் மைப்ரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்து நடப்பதையும் ஓடுவதையும் படமெடுத்து 1887-ல் வெளியிட்டார். பிறகு ப்ரௌனே, ஃபிஷர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள். இவர்கள் ஒரு சிப்பாயின் உடம்பு முழுக்க மின்விளக்குக் குழாய்களைக் கட்டி, இருட்டில் நடக்கவிட்டுப் படமெடுத்தார்கள். அந்தக் குழாய்களைக் கட்டி முடிக்கவே மணிக்கணக்கில் ஆகுமாம். நடந்தது சில அடி, கணக்குப் போட்டது மாதக்கணக்கில். 1895-லிருந்து 1904 வரை பகுதி பகுதியாக அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. அதற்கு முன்னாடியே, 1889-ல், உடம்பின் எடை மையம் எங்கே இருக்கிறது என்று இருவரும் அளந்திருந்தார்கள். சிப்பாய் முதுகில் மூட்டையை எங்கே தொங்கவிட்டால் அதிகம் களைப்பு வராது என்ற கேள்வியும் அதற்குப் பின்னால் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கலிபோர்னியாவில் இன்மன், எபர்ஹார்ட் குழு நடையை மறுபடி அளக்க உட்கார்ந்தது. காரணம், கால் இழந்து திரும்பிய ராணுவ வீரர்கள். ஆக, நடையை அளக்கப் பணம் கொடுத்தது பெரும்பாலும் யுத்தம்தான். நம்ம நாட்டுக் கதை அப்படி இல்லை.

சரி, தசைச் சமநிலைன்னா என்ன? இங்கேதான் நம்ம பாடம் வருகிறது. உடம்பில் பெரும்பாலான மூட்டுகளில் தசைகள் ஜோடியாக வேலை செய்கின்றன. ஒன்று மடக்கும், ஒன்று நீட்டும். ஒன்று டெபிட், இன்னொன்று கிரெடிட். இரண்டும் சரியாக இருந்தால் டிரையல் பேலன்ஸ் டாலி ஆகும். ஒரு பக்கம் செத்துப்போனால், மிச்சமிருக்கும் பக்கம் தன்பாட்டுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். மூட்டு அந்தப் பக்கமே கோணிப் போகும். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், கோணல் தெரியும் இடத்தில் உள்ள தசை பெரும்பாலும் நல்ல தசை. கெட்டது எதிர்ப்பக்கம். இதைப் புரிந்துகொள்ள மருத்துவத்துக்கு ரொம்ப நாள் ஆனது.

இதைச் சோதிக்கும் முறை போலியோவிலிருந்து பிறந்தது. போஸ்டனில் லோவெட் என்ற டாக்டர், அவரிடம் வேலை பார்த்த வில்ஹெல்மின் ரைட் என்ற பெண்மணி. குழந்தையின் ஒவ்வொரு தசையையும் தனித்தனியாகச் சோதிக்கும் முறையை ரைட் 1912-ல் எழுதி வெளியிட்டார். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், புவியீர்ப்புதான் தராசு. காலைத் தூக்கச் சொல்லுங்கள். எடையை எதிர்த்து முழுசாகத் தூக்க முடிந்தால் ஒரு மதிப்பெண். டாக்டர் கையால் அழுத்தும்போதும் தாங்கினால் அதற்கு மேல். படுக்கவைத்து, எடை இல்லாமல் நகர்த்த மட்டும் முடிந்தால் அதற்குக் கீழ். பிற்பாடு பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1943-ல் இதை 0 முதல் 5 வரை என்று நிலைப்படுத்தியது. 0 என்றால் அசைவே இல்லை, 3 என்றால் புவியீர்ப்பை வெல்கிறது, 5 என்றால் முழு பலம். இன்றைக்கும் எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் பிசியோதெரபிஸ்ட் போடும் மார்க் இதுதான்.

இளம்பிள்ளை வாதம் வந்தவர்களை நம்ம தலைமுறை அதிகம் பார்க்கவில்லை. இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார், 2014 மார்ச்சில் சான்றிதழும் வந்துவிட்டது. ஆனால் நம்ம அப்பா வயசுக்காரர்களில் இருக்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் தொடையில் கையை ஊன்றி ஊன்றி நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது பழக்கம் இல்லை. தொடையின் முன்பக்கத் தசை செத்துவிட்டது, முழங்கால் மடங்கி விழுந்துவிடும். கையால் தொடையைப் பின்னுக்குத் தள்ளி முழங்காலைப் பூட்டுகிறார்கள். எந்த டாக்டரும் சொல்லிக் கொடுக்காமல், நாலு வயசுக் குழந்தை தானே கண்டுபிடித்த பொறியியல் அது! அதேபோல, நடக்கும்போது உடம்பு ஒரு பக்கம் வாத்து மாதிரி சாய்கிறதே, அதற்குக் காரணம் இடுப்பின் பக்கவாட்டுத் தசை என்று 1895-ல் டிரெண்டலன்பர்க் விளக்கினார். அதுவரை மூட்டு விலகியிருக்கும் இடத்தையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தசையை யாரும் பார்க்கவில்லை.

இப்போது நம்ம ஆளுக்கு வருவோம்.

பால் பிராண்ட். 1914 ஜூலை 17-ல் கொல்லிமலையில் பிறந்தவர். பெரம்பலூரிலிருந்து மேற்கே பார்த்தால் முதலில் பச்சைமலை, அதைத் தாண்டித் துறையூருக்கு அந்தப் பக்கம் கொல்லிமலை. அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின், இருவரும் ஆங்கிலேய மிஷனரிகள். பையன் மலையில் வெறுங்காலோடு ஓடி வளர்ந்தான். ஒருநாள் தொழுநோயாளிகள் சிலர் மலை ஏறி வந்ததையும், அப்பா கையுறை போட்டுக்கொண்டு அவர்களின் கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டதையும் தள்ளி நின்று பார்த்ததாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனார். 1929-ல் அப்பா மலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார், பையன் திரும்ப அவரைப் பார்க்கவே இல்லை. இங்கிலாந்தில் முதலில் படித்தது மருத்துவம் இல்லை, கட்டட வேலை. தச்சு, கொத்து எல்லாம் சில வருடம் கற்றுக்கொண்ட பிறகுதான் மருத்துவம். இந்த விவரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு அவர் தசைநாரை எடுத்து வேறு இடத்தில் மாட்டும்போது, உத்திரம் மாற்றும் தச்சர் மாதிரிதான் யோசித்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். அடுத்த வருடம் செங்கல்பட்டில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தைப் பார்க்கப் போனார். அங்கே இருந்தவர் ராபர்ட் காக்ரேன், தோல் நோய் நிபுணர். சுற்றிலும் நூற்றுக்கணக்கில் மடங்கிப்போன விரல்கள், தேய்ந்துபோன கால்கள். எலும்பு, மூட்டு டாக்டர்கள் யாரும் இதை ஏன் ஆராய்வதே இல்லை என்று பிராண்ட் கேட்க, "நீங்கள்தானே எலும்பு டாக்டர், நீங்கள்தான் சொல்லவேண்டும்" என்கிற தொனியில் காக்ரேன் பதில் சொன்னார். அப்போது பிராண்ட் ஒரு காரியம் செய்தார். கொக்கி மாதிரி மடங்கிய கை உள்ள ஒருவரின் கையைப் பிடித்து, என் கையை இறுக்கிப் பிடி என்றார். பலமே இருக்காது என்றுதான் நினைத்திருந்தார். அந்த மனிதர் பிடித்த பிடியில் பிராண்டுக்கு வலி உயிர் போய்விட்டது.

அந்த வலிதான் தமிழ்நாட்டில் நடந்த பெரிய தசைப் பரிசோதனை என்று நான் சொல்வேன். செத்த கை என்று ஊரே ஒதுக்கிய கைக்குள் நல்ல தசை உயிரோடு இருந்தது. அதற்குப் பிறகு வேலூர் குழு நோயாளி நோயாளியாக, தசை தசையாகச் சோதித்து எழுத ஆரம்பித்தது. சீனாவிலிருந்து வெளியேறி வந்த ரூத் தாமஸ் என்ற ஆங்கிலேய பிசியோதெரபிஸ்ட் இதில் சேர்ந்துகொண்டார். எழுத எழுத ஒரு ஒழுங்கு தெரிந்தது. நோய் கண்டபடி தாக்கவில்லை. முழங்கையில், மணிக்கட்டில், முழங்காலுக்கு வெளிப்பக்கம், கணுக்காலில், அதாவது நரம்பு தோலுக்குப் பக்கத்தில், குளிர்ச்சியான இடத்தில் வரும்போதுதான் கெடுகிறது. கையில் உள்ள சின்னத் தசைகள் போய்விடும், ஆனால் முன்கையில் உள்ள பெரிய தசைகள் பெரும்பாலும் தப்பிக்கும். தப்பித்த தசைகள் எதிர்ப்பு இல்லாமல் இழுப்பதால்தான் விரல் கொக்கியாகிறது.

ஒழுங்கு தெரிந்துவிட்டால் வழியும் தெரியும். உபரி உள்ள கணக்கிலிருந்து பற்றாக்குறை உள்ள கணக்குக்கு மாற்றுவதுதான். (காமர்ஸ்காரர்கள் கைதட்டவும்.) முன்கையில் உள்ள ஒரு நல்ல தசையின் நாரை நீட்டி, நான்கு வாலாகப் பிரித்து, நான்கு விரல்களுக்கும் கொண்டுபோய்த் தைத்தார்கள். அதன்பின் நோயாளி மூளையைப் பழக்கவேண்டும். மணிக்கட்டைத் தூக்க நினைத்தால் இப்போது விரல் அசையும். இது வாரக்கணக்கில் நடக்கும் வேலை, அதைச் செய்தது பிசியோதெரபி.

காலிலும் இதே கதை. முழங்காலுக்கு வெளியே உள்ள நரம்பு கெட்டால் பாதத்தைத் தூக்கும் தசைகள் போய்விடும். பாதம் தொங்கும். சாதாரணமாக நாம் குதிகாலை முதலில் ஊன்றுகிறோம், அப்புறம் பாதம் மெதுவாக இறங்கும், கடைசியில் பெருவிரல் தள்ளும். பாதம் தொங்குபவருக்கு விரல்தான் முதலில் தரையில் இடிக்கும். அதைத் தவிர்க்க முழங்காலை உயரமாகத் தூக்கி, கண்ணுக்குத் தெரியாத படி ஏறுவது மாதிரி நடப்பார். பாதம் 'பட்'டென்று தரையில் அடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஆனால் கணுக்காலின் உள்பக்கம் சுற்றி வரும் ஒரு ஆழமான தசை வேறு நரம்பில் இருப்பதால் தப்பித்துவிடும். அதை எடுத்துப் பாதத்தின் மேல்பக்கம் மாட்டினால் குதிகால் மறுபடி முதலில் ஊன்றும். கேட்க எளிது. ஆனால் எது தப்பித்தது என்று ஒவ்வொருவருக்கும் சோதித்து எழுதாமல் கத்தியை எடுக்க முடியாது.

இத்தனை செய்தும் விரல்கள் ஏன் குறைந்துகொண்டே போகின்றன? 'குஷ்டம் வந்தா சதை அழுகி விழுந்துடும்' என்றுதான் ஊர் நம்பியது, டாக்டர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான். பிராண்ட் தன் ஸ்டோரில் ஒரு பூட்டைத் திறக்க முடியாமல் திணறியபோது, நோயாளியான ஒரு சின்னப் பையன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். தரையில் ரத்தம். பார்த்தால் விரல் எலும்பு வரை வெட்டுப்பட்டிருக்கிறது, பையனுக்குத் தெரியவே இல்லை. அந்த இடத்தில் புரிந்தது: சதை அழுகவில்லை, வலி தெரியாததால் காயம் படுகிறது. இரவில் காணாமல் போகும் விரல்களுக்குக் காரணம் தேடினால் எலி. தூங்கும்போது எலி கடித்தால் வலிக்காது. ஆகவே வீட்டுக்குப் போகும் நோயாளிகளோடு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள். சிரிப்பாக இருக்கிறதா? அந்தக் காலத்தின் மிகச் சிறந்த தடுப்பு மருத்துவம் அதுதான் என்பேன்.

கால் புண்ணுக்குக் காரணம் நடை. நாம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் நடந்தால், நமக்கே தெரியாமல் நடையை மாற்றிக்கொண்டே வருவோம். ஒரு இடம் சூடேறினால் பாரம் அடுத்த இடத்துக்கு நகரும். வலி உணராதவர் முதல் அடியை எப்படி வைத்தாரோ, அப்படியேதான் ஐயாயிரமாவது அடியையும் வைப்பார். ஒரே இடத்தில் ஐயாயிரம் இடி. பாதம் புண்ணாகாமல் என்ன செய்யும்? பாத அழுத்தத்தைக் கருவிகளால் விரிவாக அளந்தது 1966-க்குப் பிறகு, அவர் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பின்தான். ஆனால் கேள்வி வேலூரில் பிறந்தது. புண் உள்ள காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு, பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்பி, நடக்கவிட்டே ஆறவைக்கும் முறையை 1930-களிலேயே இலங்கையில் மில்ராய் பால் செய்திருந்தார். பிராண்ட் அதைப் பெரிய அளவில் பயன்படுத்தி, அமெரிக்காவுக்கும் கொண்டுபோனார்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் மேரி வர்கீஸ். கொச்சியைச் சேர்ந்தவர், வேலூரில் இளம் டாக்டர். 1954 ஜனவரியில் கார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனது. பிராண்ட் அவரிடம், உட்கார்ந்துகொண்டே செய்யக்கூடிய அறுவை சிகிச்சை ஒன்று உண்டு, அது கை அறுவை சிகிச்சை என்றார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்ய ஆரம்பித்தார் மேரி. நடக்க முடியாதவர் மற்றவர்களுக்கு அசைவைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1963-ல் சி.எம்.சி.யில் அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966-ல் நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு மையம் திறந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் மறைந்தார். ஸ்கூல் பாடப் புத்தகத்தில் இவரைப் பற்றி ஒரு வரியாவது வந்திருக்கலாம்.

நிற்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் அது எங்கள் அரியலூர்ப் பக்கத்துச் சொத்து. பால்டிமோரில் கெண்டல் தம்பதி 1949-லும் 1952-லும் எழுதிய புத்தகங்கள் பிசியோதெரபிக்காரர்களுக்கு வேதம் மாதிரி. நிற்கும் நிலையைச் சோதிக்க அவர்கள் சொன்னது ஒரு தூக்குக் குண்டு நூல். கொத்தனார் சுவரில் தொங்கவிடுவாரே, அதேதான். பக்கவாட்டில் பார்த்தால் நூல் காது, தோள், இடுப்பு, முழங்கால் வழியாக வந்து கணுக்காலுக்குச் சற்று முன்னால் விழவேண்டும். விலகினால் எங்கே விலகுகிறது என்று எழுதிக்கொள்.

நம்ம சிற்பிகள் இந்த நூலை என்றைக்கோ தொங்கவிட்டுவிட்டார்கள். பிரம்ம சூத்திரம் என்று பெயர். உச்சந்தலை, மூக்கு, தொப்புள் வழியாக இரண்டு குதிகால்களுக்கு நடுவே விழுந்தால் சமபங்கம். லேசாக விலகினால் ஆபங்கம். மூன்று இடத்தில் வளைந்தால் திரிபங்கம். எங்கே எவ்வளவு விலகலாம் என்பதற்கும் அளவு உண்டு. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் தென்னை ஓலையை மடித்து மடித்துத்தான் அங்க அளவு எடுக்கிறார்கள். கங்கைகொண்ட சோழபுரம் போனால் எல்லோரும் சண்டேசருக்கு மாலை சூட்டும் சிற்பத்தைத்தான் காட்டுவார்கள். அர்த்தநாரியையும் பாருங்கள். பெண் பக்கம் இடுப்பு வெளியே வந்திருக்கும், மேலே தோள் அதற்கு ஈடு கொடுக்கும். இடுப்பில் குடம் வைத்துக்கொண்டு நிற்கும் எந்த அம்மாவும் இப்படித்தான் நிற்பார். ஒன்று சாய்ந்தால் இன்னொன்று எதிர்ப்பக்கம் போய்ச் சரிக்கட்டவேண்டும் என்பது ராஜேந்திர சோழன் காலத்துச் சிற்பிக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வித்தியாசம். சிற்பி அழகுக்காக விலகலைச் சேர்த்தார், டாக்டர் நோவுக்காக விலகலைத் தேடுகிறார். சின்ன வெங்காயம் அறுவடையில் நாள் முழுக்கக் குனிந்து நிமிரும் பெண்களின் இடுப்பை யாராவது இப்படி நூல் பிடித்துப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்று யோசித்திருக்கிறேன். 2022-லிருந்து அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கிற யாராவது இதைப் படித்தால் சரி.

மறுபடி மலைக்கு. பிராண்டின் அம்மா ஈவ்லின் ஓய்வு பெறும் வயதில் ஓய்வு பெறவில்லை. எழுபது வயதுக்கு மேல் மறுபடி மலை ஏறினார். அவரும் கணவரும் போய்ச் சேரவேண்டும் என்று ஆசைப்பட்ட மலைத்தொடர்கள் ஐந்து, நம்ம பச்சைமலை அதில் ஒன்று. விழுந்து அடிபட்டு நடை தடுமாறியபோது இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றிக்கொண்டார், முடியாதபோது மட்டக்குதிரை. மகன் உலகத்துக்கே நடை சொல்லிக்கொடுக்கும் டாக்டர், அம்மாவைக் கீழே இறக்கிவர மட்டும் அவரால் முடியவில்லை! 95 வயதில், 1974-ல் காலமானார். மகன் 2003-ல் சியாட்டிலில்.

சட்டம் இவர்களை விட ரொம்ப மெதுவாக நடந்தது. தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-ல் பரிந்துரைத்துவிட்டது. நோயாளிகளை அடைத்துவைக்க வழிசெய்த 1898-ம் வருடச் சட்டம் நீக்கப்பட்டது 2016-ல்தான். தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டலாம் என்ற விதி போனது 2019-ல்.

வேலூர் பக்கம் 1955-ல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையில், உணர்வில்லாத பாதத்துக்கு என்று மைக்ரோசெல்லுலர் ரப்பரில் செருப்பு செய்தார்கள். மெத்தென்று இருக்கும், ஆனால் தட்டையாக அமுங்கிப் போகாது. சுருக்கமாக எம்.சி.ஆர். செருப்பு. நல்ல செருப்புதான், ஆனால் அதைப் போட்டாலே 'இவருக்கு அந்த வியாதி' என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பலர் போட மறுத்தார்கள். இன்றைக்கு சர்க்கரை வியாதியால் பாதத்தில் உணர்வு போனவர்களுக்கும் டாக்டர்கள் எழுதிக் கொடுப்பது இதே செருப்பைத்தான். பெரம்பலூரில் கடையில் போய் 'சுகர் செருப்பு' என்று கேட்டால் எடுத்துப் போடுகிறார்கள். வாங்குகிறவர்களுக்கு அது முதலில் யாருக்காகச் செய்யப்பட்டது என்று தெரியாது. கடைக்காரரும் சொல்வதில்லை.